நடுத்தர விலைக் கணினிக் கேபினெட்: குளிர்ச்சியையும் கொடுத்த காசுக்கான மதிப்பையும் எப்படி எடைபோடுவது?

தாமிரபரணிக்கரை:

அனைவருக்கும் வணக்கம். ரைசன் 7 7800எக்ஸ்3டி செயலியும் ஆர்டிஎக்ஸ் 4070 சூப்பர் கிராஃபிக்ஸ் கார்டும் கொண்ட ஒரு கணினியைத் தொகுத்துக்கொண்டிருக்கிறேன். செயலிக்கு இரட்டைக் கோபுர ஏர் கூலர் (இரண்டு தகட்டு அடுக்குகளை விசிறிக் காற்றால் குளிர்விப்பது) வாங்கியாயிற்று. லிக்விட் கூலரில் எனக்கு நாட்டமில்லை. கேபினெட் (எல்லாவற்றையும் உள்ளே பொருத்தும் வெளிப்பெட்டி) மட்டும்தான் மீதம். அதற்கு 7000 முதல் 10,000 ரூபாய் வரை ஒதுக்கியிருக்கிறேன். பலவற்றைப் பார்த்துக் கழித்தபின் கோர்சேர் 4000டி ஏர்ஃப்ளோ, லியான் லி லான்கூல் 216 ஆகிய இரண்டில் வந்து நிற்கிறேன். கடையில் கேட்டபோது லான்கூல் ஏறக்குறைய 2000 ரூபாய் கூடுதலாக இருந்தது.

விமர்சனங்களைப் படிக்கப் படிக்கத் தெளிவு குறைகிறது. ஒருவர் 4000டி-யை நடுவரிசையில் வைக்கிறார். இன்னொருவர் அதையே இந்த விலைக்கு முதல் தேர்வு என்கிறார். அவர்கள் சோதிப்பது குளிரூட்டப்பட்ட அறையில். என் அறை திருநெல்வேலியில் இருக்கிறது, ஏ.சி. கிடையாது, சித்திரை, வைகாசியில் மதிய வேளையில் அறைக்குள்ளேயே 36 டிகிரி காட்டும். அவர்களுடைய எண்களை நான் எப்படி வாசிக்க வேண்டும்? கூடுதலாகக் கொடுக்கும் 2000 ரூபாய்க்கு உண்மையில் எதைப் பெறுகிறேன்?

வெப்பமானி:

வெப்பநிலையை அப்படியே வாசிக்காமல், அறை வெப்பநிலைக்கு மேல் எத்தனை டிகிரி ஏறியது என்று வாசியுங்கள். 21 டிகிரி அறையில் கார்டு 61 டிகிரி காட்டினால் ஏற்றம் 40. உங்கள் 36 டிகிரி அறையில் அதே கார்டு, அதே சுமையில், அதே விசிறி வேகத்தில் 76-ஐ ஒட்டி நிற்கும் என்று எதிர்பார்க்கலாம். கேபினெட்டுக்குள் போகும் காற்றே 36 டிகிரியில் இருக்கும்போது எந்தக் கேபினெட்டாலும் எந்த ஏர் கூலராலும் அதற்குக் கீழே போக முடியாது. ஆகவே நம் ஊர்க் கோடையில் நமக்குக் கிடைக்கும் இடைவெளி சிறியது. உங்கள் செயலியின் உச்ச வரம்பு 89 டிகிரி. கார்டின் வரம்பு 90 டிகிரி. விமர்சகரின் அறையில் பொருட்படுத்த வேண்டாத 5 டிகிரி வேறுபாடு உங்கள் அறையில் பொருட்படுத்த வேண்டியதாகிறது.

இரண்டாவதாக, அந்த எண் எந்த இரைச்சல் அளவில் எடுக்கப்பட்டது என்று பாருங்கள். கேபினெட்டோடு வரும் விசிறிகளை முழு வேகத்தில் ஓடவிட்டு எடுத்த எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டால், நிமிடத்துக்கு 1000 சுற்றில் ஓடும் விசிறியையும் 1600 சுற்றில் ஓடும் விசிறியையும்தான் ஒப்பிடுகிறீர்கள், கேபினெட்டுகளை ஒப்பிடவில்லை. நல்ல சோதனையாளர்கள் எல்லாக் கேபினெட்டுகளையும் ஒரே டெசிபல் அளவுக்குக் கொண்டுவந்து இன்னொரு முறை அளப்பார்கள். அந்த அட்டவணை இருந்தால் அதை முதலில் பாருங்கள். நீங்கள் படித்த இரண்டு விமர்சனங்கள் முரண்பட்டதற்குப் பெரும்பாலும் இதுவே காரணமாக இருக்கும்.

மூன்றாவதாக, தேவையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கார்டு 220 வாட். செயலியின் அறிவிக்கப்பட்ட அளவு 120 வாட். விளையாட்டின்போது அது அதைவிட நன்றாகவே குறைவாக இழுக்கும். மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி ஆகியவற்றையும் சேர்த்துத் தாராளமாக 350 வாட் என்று வைத்துக்கொள்வோம். எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கிப் பெட்டி) தன் காற்றை அடியிலிருந்து இழுத்துப் பின்னால் தள்ளுவதால் அதன் வெப்பத்தைத் தனியே விட்டுவிடலாம். 350 வாட் வெப்பத்தைச் சுமந்து செல்லும் காற்று கேபினெட்டைக் கடக்கும்போது 10 டிகிரி மட்டுமே சூடாக வேண்டும் என்றால், நொடிக்கு ஏறத்தாழ 30 லிட்டர் காற்று, அதாவது நிமிடத்துக்கு 64 கன அடி, உள்ளே வந்து வெளியே போக வேண்டும். 5 டிகிரி போதும் என்றால் 60 லிட்டர். இரண்டரை டிகிரி என்றால் 120 லிட்டர். ஒவ்வொரு முறையும் காற்றை இரட்டிப்பாக்கினால்தான் பாதியாகக் குறைகிறது. முதல் இரட்டிப்பு 5 டிகிரியைத் தருகிறது. அடுத்த இரட்டிப்பு அதில் பாதியைத்தான் தருகிறது. நடுத்தர விலையில் ஓரளவு நல்ல வலை முகப்புள்ள கேபினெட்டுகள் எல்லாம் ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று டிகிரி தூரத்தில் நெருங்கி நிற்பதும், அடைத்த முகப்புள்ளவை மட்டும் தனியே பின்தங்கிப் போவதும் இதனால்தான்.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் கன அடிக் கணக்கு, எதிரே எந்தத் தடையும் இல்லாமல் விசிறியை வெட்டவெளியில் ஓட்டி அளந்தது என்பதையும் மறக்க வேண்டாம். தூசி வடிகட்டி, வலை, கேபிள், கூலர் தகடுகள் எல்லாவற்றையும் தாண்டி வரும்போது அது கணிசமாகக் குறையும்.

சுழலி:

வெப்பமானி ஐயா சொன்ன கணக்கை இந்த இரண்டு கேபினெட்டுகளின் மீது வைத்துப் பார்க்கிறேன்.

4000டி-யுடன் இரண்டு 120 மி.மீ. விசிறிகள் வருகின்றன, முகப்பில் ஒன்று, பின்புறம் ஒன்று. லான்கூல் 216-உடன் முகப்பில் இரண்டு 160 மி.மீ. விசிறிகளும் பின்னால் ஒரு 140 மி.மீ. விசிறியும் வருகின்றன. விசிறியின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும். ஆகவே ஒரு 160 விசிறி ஏறக்குறைய 1.8 மடங்கு 120 விசிறிக்குச் சமம். முகப்பை மட்டும் எடுத்துக்கொண்டால், வாங்கிய நிலையில் லான்கூலின் உள்ளிழுக்கும் பரப்பு 4000டி-யைப்போல மூன்றரை மடங்கு. இந்த நிலையில் ஒப்பிட்டு "4000டி சூடாக இருக்கிறது" என்று எழுதினால் அது உண்மைதான். ஆனால் அந்தக் குறை பெட்டியினுடையதன்று, விசிறி இல்லாததன் குறை.

அதே 4000டி-யின் முகப்பில் இன்னும் இரண்டு 120 விசிறிகளைப் பொருத்திவிட்டால், மூன்று 120-க்கும் இரண்டு 160-க்கும் இடையே பரப்பு வேறுபாடு 19 விழுக்காடுதான். பெரிய விசிறி குறைந்த வேகத்தில் அதே காற்றைத் தள்ளுவதால் கொஞ்சம் அமைதியாக இருக்கும், அவ்வளவே. (120-க்குப் பதில் 140 போட்டால் எப்போதும் மேல் என்று நினைப்பவர்கள் பலர் உண்டு. இரண்டு 140 விசிறிகளைவிட மூன்று 120 விசிறிகளின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, அதாவது பத்து விழுக்காடு, கூடுதல்.)

எனவே விலையை ஒப்பிடும்போது கேபினெட்டின் விலையோடு, அதை உங்கள் தேவைக்கு ஏற்ற நிலைக்குக் கொண்டுவர வாங்க வேண்டிய விசிறிகளின் விலையையும் சேர்த்துக் கூட்டுங்கள். ஒளி விளக்கு இல்லாத நல்ல 120 விசிறி ஒன்று 700 ரூபாய் என்றால் இரண்டுக்கு 1400. உங்கள் 2000 ரூபாய் வித்தியாசம் 600-ஆகச் சுருங்கிவிடுகிறது. அந்த 600-க்கு லான்கூலில் கூடுதல் பரப்பும், பின்னால் 140 விசிறியும், 180 மி.மீ. வரையான கூலருக்கு இடமும் கிடைக்கின்றன. புதிதாக எல்லாவற்றையும் வாங்குபவராக இருந்தால் நான் லான்கூலைத்தான் சொல்வேன்.

சிக்கனம்:

இருவரும் பத்தாயிரம் ரூபாய்க்கு அருகிலேயே நின்று பேசுகிறீர்கள். டீப்கூல் சிசி560 போன்றவற்றில் நான்கு 120 விசிறிகளோடு சேர்த்தே இதைவிடக் கணிசமாகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. முகப்பில் மூன்று, பின்னால் ஒன்று. சுழலி சொன்ன அதே பரப்புக் கணக்கில் அது, கூடுதல் விசிறிகளைப் பொருத்தி நிறைவாக்கிய 4000டி-க்குச் சமம். மிச்சமாகும் பணத்தை எஸ்எஸ்டியில் போடலாம். வலை முகப்பும் மூன்று விசிறிகளும் இருந்தால் போதும், மற்றதெல்லாம் பெயருக்குக் கொடுக்கும் விலை என்பதே என் கருத்து.

வெப்பமானி:

பட்ஜெட் இறுக்கமாக இருப்பவருக்கு உங்கள் கருத்து முழுவதும் பொருந்தும். செயலியும் கார்டும் சேர்ந்து 200 வாட்டுக்குள் நிற்கும் கணினிக்கு நானே அப்படித்தான் சொல்வேன். ஆனால் இந்தத் தொகுப்புக்கு மூன்று இடங்களில் இடிக்கிறது.

முதலாவது, இடம். சிசி560-இல் கூலரின் உயர வரம்பு 163 மி.மீ. இரட்டைக் கோபுரக் கூலர்களில் சில 155-இல் முடியும், சில 160. நாக்டுவா என்எச்-டி15 போன்றவை 165. வாங்கியிருக்கும் கூலரின் உயரத்தை நண்பர் முதலில் சொல்ல வேண்டும். 4000டி-யில் வரம்பு 170 மி.மீ.

இரண்டாவது, விசிறியின் கட்டுப்பாடு. மலிவான கேபினெட்டுகளோடு வரும் விசிறிகளில் பல, எஸ்எம்பிஎஸ்-இன் மோலெக்ஸ் முனையில் நேரே சொருகப்பட்டு எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுபவை. மதர்போர்டின் நான்கு ஊசி முனையில் சொருகும் பிடபிள்யூஎம் விசிறி என்றால், மின்னஞ்சல் படிக்கும்போது 500 சுற்றிலும் விளையாடும்போது 1200 சுற்றிலும் ஓடும்படி அமைக்கலாம். விசிறி வேகத்தை இரட்டிப்பாக்கினால் காற்று இரட்டிப்பாகும், இரைச்சலோ ஏறத்தாழ 15 டெசிபல் ஏறும். வேகத்தைக் குறைக்க வழியில்லாத விசிறி, கணினி சும்மா இருக்கும் நேரமெல்லாம் அந்த 15 டெசிபலை உங்கள் காதில் வைத்துக்கொண்டே இருக்கும். ஆகவே "நான்கு விசிறி இலவசம்" என்று எழுதியிருந்தால், எந்த வகை முனை, எந்த வகை பேரிங் என்று கேட்டுவிட்டு மதிப்பிடுங்கள். சாதாரண ஸ்லீவ் பேரிங் விசிறிகள் நம் ஊர் வெப்பத்திலும் தூசியிலும் சீக்கிரமே உராயத் தொடங்குகின்றன.

மூன்றாவது, தகட்டின் தடிமன். அரை மி.மீ. தகட்டில் செய்த பக்கவாட்டுப் பலகை ஹார்ட் டிஸ்க் அதிர்வை வாங்கி முனகும். எடை மிகுந்த கார்டைத் தாங்கும் பின்பக்கச் சட்டமும் வளையும். கடையில் கேபினெட்டைக் கையால் தூக்கி, பக்கப் பலகையை விரலால் அழுத்திப் பார்த்தாலே இது தெரியும்.

புழுதிக்காற்று:

தூசியைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. என் வீடு சாலையோரம்; இந்த ஊர்களில் குளிர்ச்சியை மாதத்துக்கு மாதம் குறைப்பது தூசிதான். விமர்சனம் எழுதப்படுவது புத்தம்புதிய கேபினெட்டை வைத்து. ஆறு மாதம் கழித்து அந்த வலை எந்த நிலையில் இருக்கும் என்பதை எந்த அட்டவணையும் காட்டுவதில்லை.

நான் பார்க்கச் சொல்வது இவை. முகப்புப் பலகை திருப்புளி இல்லாமல் கழன்று வருகிறதா? அடியில் எஸ்எம்பிஎஸ்-க்கான வடிகட்டி முன்பக்கமாகவோ பின்பக்கமாகவோ உருவ வருகிறதா, அல்லது கணினியைப் படுக்கவைத்தால்தான் எடுக்க முடியுமா? கழற்றுவது கடினமாக இருந்தால் யாரும் சுத்தம் செய்ய மாட்டார்கள். மிக நெருக்கமான வலை தூசியை நன்றாகத் தடுக்கும், ஆனால் சீக்கிரம் அடைபடும். அகன்ற துளை காற்றை விடும், தூசியையும் விடும். இரண்டுக்கும் நடுவே உங்கள் ஊருக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உள்ளிழுக்கும் காற்று வெளியேற்றும் காற்றைவிடக் கூடுதலாக இருக்கும்படி விசிறிகளை அமையுங்கள். அப்போது வடிகட்டி இல்லாத இடுக்குகள் வழியே காற்று வெளியேதான் போகும். முகப்பில் மூன்று, பின்னால் ஒன்று என்பது அந்த வகையில் நல்ல அமைப்பு. மேலே மூன்று வெளியேற்றும் விசிறிகளைப் போட்டு முகப்பில் ஒன்றே ஒன்று வைத்தால், பின்பக்கத்தில் கார்டுகளைப் பொருத்தும் பிசிஐ தகட்டு ஓட்டைகள் வழியாகவெல்லாம் தூசியை உறிஞ்சும்.

அமைதிவிரும்பி:

வெப்பமானியின் முதல் பதிவில் ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. அறை வெப்பநிலைக்கு மேலான ஏற்றம் எல்லா அறையிலும் மாறாமல் இருக்கும் என்று அவரது கணக்கு எடுத்துக்கொள்கிறது. விசிறி வேகத்தை நிலையாக வைத்தால் அது ஏறத்தாழச் சரி. ஆனால் நடைமுறையில் கார்டின் விசிறி, கார்டின் உண்மையான வெப்பநிலையைப் பார்த்துத்தான் வேகத்தை மாற்றுகிறது. 21 டிகிரி அறையில் 61-இல் நிதானமாகச் சுற்றும் விசிறி, 36 டிகிரி அறையில் 76-ஐத் தொடவிடாமல் இன்னும் வேகமாகச் சுற்றி 71 அல்லது 72-இல் நிறுத்தப் பார்க்கும். திரையில் தெரியும் எண் நன்றாகவே இருக்கும். விலையைக் காது கொடுக்கும். வெப்ப நாடுகளில் மோசமான கேபினெட் பெரும்பாலும் இரைச்சலாகத்தான் வெளிப்படுகிறது, உயர்ந்த டிகிரியாக அன்று. ஆகவே நம்மைப் போன்றவர்கள் வெப்பநிலையோடு கார்டு விசிறியின் சுற்று வேகத்தையும் சேர்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

வலை முகப்பு உள்ளிருக்கும் ஒலியை மறைக்காது என்ற குறை ஒன்று உண்டு. கார்டில் காயில் சிணுங்கல் (மின்சுருள்கள் எழுப்பும் மெல்லிய கீச்சொலி) இருந்தால் அது அப்படியே வெளியே கேட்கும். அதற்காக அடைத்த முகப்பை வாங்கினால் உள்ளே விசிறிகள் எல்லாம் வேகம் எடுத்து, கிடைத்த அமைதியை இழப்போம். 350 வாட் கணினிக்கு வலை முகப்புதான் கடைசியில் அமைதியானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

வெப்பமானி:

ஏற்றுக்கொள்கிறேன். நிலையான விசிறி வேகத்தில் எடுத்த எண்ணுக்கே என் கணக்கு பொருந்தும். அன்றாடப் பயன்பாட்டுக்கு உங்கள் முறையே சரி.

தாமிரபரணிக்கரை:

அனைவருக்கும் நன்றி. கூலரின் உயரம் 155 மி.மீ. தான். இன்னொரு செய்தியை முதலிலேயே சொல்லியிருக்கலாம்: பழைய கணினியிலிருந்து எடுத்த இரண்டு 120 மி.மீ. பிடபிள்யூஎம் விசிறிகள் நல்ல நிலையில் கைவசம் இருக்கின்றன. இது கணக்கை மாற்றுமா? மேலும், லான்கூலின் 160 விசிறி சில ஆண்டுகள் கழித்துப் பழுதானால் மாற்று கிடைக்குமா?

சுழலி:

நிச்சயமாக மாற்றும். உங்களுக்கு 4000டி-யை நிறைவாக்கும் செலவு இப்போது எதுவுமில்லை. ஆகவே 2000 ரூபாய் வித்தியாசம் முழுதாக நிற்கிறது. அந்த 2000 ரூபாய்க்கு லான்கூல் தருவது 19 விழுக்காடு கூடுதல் முகப்புப் பரப்பும் பின்பக்கம் 140 விசிறியும் மட்டுமே. வெப்பமானியின் இரட்டிப்புக் கணக்கில் அந்த 19 விழுக்காட்டை வைத்தால், காற்றின் ஏற்றம் 10 டிகிரியிலிருந்து எட்டரைக்குக் கூட இறங்காமல் போகலாம். ஏனெனில் பரப்புக் கூடினால் காற்றும் அதே அளவு கூடும் என்று உறுதியில்லை. ஒன்றரை டிகிரிக்கு 2000 ரூபாய் என்பது உங்கள் நிலையில் எனக்கு அதிகமாகப் படுகிறது. மேலே சொன்ன என் பரிந்துரையை உங்களுக்கு மட்டும் மாற்றிக்கொள்கிறேன்: 4000டி.

160 மி.மீ. விசிறி தனியாகச் சந்தையில் அரிது. ஆனால் லான்கூலின் முகப்பில் மூன்று 120 அல்லது மூன்று 140 விசிறிகளையும் பொருத்த முடியும் என்பதால் அதற்காக அஞ்ச வேண்டியதில்லை. அந்த நிலை வந்தால் செலவுதான் கூடும்.

சிக்கனம்:

கைவசம் இரண்டு நல்ல விசிறிகள் இருப்பதால், விசிறி குறைவாகவும் தகடு உறுதியாகவும் உள்ள கேபினெட்டை வாங்குவதே மேல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் சொன்ன வகையில் நான்கு விசிறிகளுக்கும் சேர்த்துத்தான் விலை கொடுக்கிறோம். உங்களுக்கு அவை தேவைப்படாது.

அமைதிவிரும்பி:

வாங்கியபின் ஒரு சோதனை செய்யுங்கள். அறையில் ஒரு சாதாரண வெப்பமானியைக் கேபினெட்டின் முகப்புக்கு ஓரடி முன்னால் வையுங்கள். எல்லா விசிறிகளின் வேகத்தையும் பயாஸில் (கணினியைத் தொடங்கும்போது திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரையில்) நிலையாக்கிவிட்டு, கார்டின் விசிறி வேகத்தையும் மென்பொருளில் பூட்டிவிட்டு, கனமான விளையாட்டு ஒன்றை அரை மணி நேரம் ஓடவிட்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கேபினெட்டின் உலோகமும் உள்ளிருக்கும் காற்றும் சூடேறி நிலைபெற அவ்வளவு நேரம் வேண்டும். ஐந்து நிமிடத்தில் எடுத்த எண்ணில் பயனில்லை. பிறகு முகப்புப் பலகையைக் கழற்றிவிட்டு அதையே திரும்பச் செய்யுங்கள். வேறுபாடு இரண்டு டிகிரிக்குள் இருந்தால் முகப்பு உங்கள் காற்றைத் தடுக்கவில்லை. ஏழு எட்டு டிகிரி இறங்கினால் முகப்போ வடிகட்டியோதான் தடை. கடைசியாகப் பக்கக் கண்ணாடியைக் கழற்றிப் பாருங்கள். அதில் மட்டும் பெரிதாக இறங்கினால் விசிறிகளின் அமைப்பை மாற்ற வேண்டும். இதே சோதனையை ஆறு மாதம் கழித்து மறுபடியும் செய்தால், புழுதிக்காற்று சொன்ன தூசியின் கணக்கும் தெரிந்துவிடும்.

தாமிரபரணிக்கரை:

4000டி-யையே வாங்குகிறேன். முகப்பில் என்னிடமுள்ள இரண்டையும், அதோடு வரும் ஒன்றையும் வைத்து மூன்றாக்கி, பின்னால் ஒன்றை வெளியேற்ற விடுகிறேன். மேற்கூரையில் ஒரு விசிறியைக் கூடுதலாகப் போட்டால் பயன் உண்டா?

வெப்பமானி:

முதலில் அது இல்லாமல் அமைதிவிரும்பி சொன்ன சோதனையைச் செய்து பாருங்கள். முகப்பில் மூன்று, பின்னால் ஒன்று என்பதிலேயே 350 வாட் அடங்கிவிடும் என்பது என் கணிப்பு. போட்டே ஆக வேண்டும் என்றால் மேற்கூரையின் பின்பகுதியில், செயலிக் கூலருக்கு நேர் மேலேயோ அதற்குச் சற்றுப் பின்னாலோ வெளியேற்றும் திசையில் வையுங்கள். முன்பகுதியில் வைத்தால், முகப்பின் மேல் விசிறி இழுத்துவரும் குளிர்ந்த காற்று கூலரை அடையும் முன்பே வெளியே போய்விடும்.

முகப்பின் மூன்று விசிறிகளில் ஒரே வகையான இரண்டையும் கீழும் நடுவிலும் வையுங்கள். கார்டுக்குப் போகும் காற்று அங்கிருந்துதான் வருகிறது, இந்தத் தொகுப்பில் பெரும்பங்கு வெப்பம் கார்டுடையது. அந்த இரண்டின் வேகத்தையும் செயலியின் வெப்பநிலையோடு கட்டிவிடாதீர்கள். 7800எக்ஸ்3டி ஒரு கோப்பைத் திறந்தாலே சில நொடிகளுக்குப் பத்துப் பதினைந்து டிகிரி துள்ளும். விசிறிகளும் அதோடு சேர்ந்து ஏறி இறங்கும். மென்பொருள் வழியாகக் கார்டின் வெப்பநிலையைப் பார்த்து வேகம் மாறும்படி அமைத்தால் ஒலி சீராக இருக்கும். அது இயலாவிட்டால், பயாஸில் வேக மாற்றத்துக்குச் சில நொடிகள் தாமதம் கொடுக்கும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.